என்எஃப்எல் பிளேஆஃப்: எண்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் தொடரில் ஒவ்வோர் அணியும் வழக்கமான பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அதன்பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபிலோ ஒரே தோல்வியில் வெளியேறிவிடுகிறது. 2020 பருவம் முதல் 14 அணிகள் தகுதி பெறும் இச்சுற்றில் கோப்பையை வெல்லும் அணிகூட மூன்று அல்லது நான்கு ஆட்டங்களையே ஆடுகிறது. இவ்வளவு குறைந்த ஆட்டங்களை வைத்துக்கொண்டு "இந்த எண்ணில் முந்திய அணியே வெல்லும்" என்று விதி வகுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள்: வெற்றியின் விளைவாகத் தோன்றிய எண்ணை வெற்றிக்குக் காரணமான எண்ணாகக் கொள்கிறார்கள்.

பந்தைச் சுமந்து ஓடிக் கடந்த தூரம் இதற்குச் சரியான உதாரணம். அதிக யார்டுகள் ஓடிய அணிகள் அடிக்கடி வெல்கின்றன என்பது உண்மையே. ஆனால் எல்லைக்குள் முடியும் ஓட்டத்துக்குப் பின் கடிகாரம் தொடர்ந்து ஓடும், பிடிபடாத வீச்சுக்குப் பின் அது நின்றுவிடும் என்பதால், முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் காற்பகுதியில் நேரத்தைக் கரைப்பதற்காகவே மீண்டும் மீண்டும் ஓடுகிறது. 2024 பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி 2,005 யார்டுகள் ஓடினார். 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், அவர் 25 ஓட்டங்களில் சேர்த்தது 57 யார்டுகள் மட்டுமே. ஆயினும் ஈகிள்ஸ் முதல் பாதியிலேயே 24–0 என்று முந்தி, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40–22 என்று வென்றது.

பந்தைத் தன்வசம் வைத்திருந்த நேரமும் இதே வகையைச் சேர்ந்தது. 1991 சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 40 நிமிடங்களுக்கு மேல் பந்தை வைத்திருந்து பஃபலோ பில்ஸை 20–19 என்று வென்றதை இன்றும் திட்டமிட்ட ஆட்டத்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். திட்டம் உண்மைதான், ஆனால் பில்ஸின் ஸ்காட் நார்வுட் உதைத்துத் தவறவிட்ட 47 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளிகள் பெறும் முயற்சி) சற்று இடப்பக்கம் சென்றிருந்தால் அந்த 40 நிமிடங்களைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் ஏறத்தாழ 36 நிமிடங்கள் பந்தை வைத்திருந்தும் சீஃப்ஸிடம் 35–38 என்று தோற்றது.

மொத்த யார்டுகள் இவற்றைவிடவும் ஏமாற்றக்கூடியவை. 2018 சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 613 யார்டுகள் குவித்தும், டாம் பிரேடி 505 யார்டுகள் வீசியும் ஈகிள்ஸிடம் 33–41 என்று தோற்றது. 2016 சூப்பர் பௌலில் டென்வர் பிராங்கோஸ் வெறும் 194 யார்டுகளுடன் கரோலைனா பாந்தர்ஸை 24–10 என்று வென்றது. "அப்படியானால் மூன்றாம் முயற்சியில் பெறும் வெற்றி விகிதமே முக்கியம்" என்று 2018இல் ஈகிள்ஸின் 16இல் 10 என்ற கணக்கைக் காட்டுவோர் உண்டு (10 யார்டுகள் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் கிடைக்கும்). அதே பிராங்கோஸ் தன் மூன்றாம் முயற்சிகள் 14இல் ஒன்றில்தான் வென்றது. ஒற்றை ஆட்டத்தில் இந்த விகிதம் இப்படித்தான் தாறுமாறாக ஆடும்.

முன்கூட்டியே பார்க்கத் தக்க எண் ஒன்றைச் சொல்லச் சொன்னால், வீச்சு ஒன்றுக்கான நிகர யார்டுகளையே நான் தேர்ந்தெடுப்பேன். வீசிப் பெற்ற யார்டுகளிலிருந்து சாக் வாங்கி (பந்தை வீசுமுன்பே வீசுபவர் வீழ்த்தப்பட்டு) இழந்த யார்டுகளைக் கழித்து, வீச்சுகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். ஓர் அணி ஈட்டியதை மட்டும் பார்க்காமல், அதன் தற்காப்பு எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதுவும் பிழையற்றதன்று: 2017 சூப்பர் பௌலில் அட்லாண்டா ஃபால்கன்ஸின் மாட் ரயன் 23 வீச்சுகளில் 284 யார்டுகள் பெற்றார், எதிரணியான பேட்ரியட்ஸின் பிரேடிக்கு 466 யார்டுகள் எடுக்க 62 வீச்சுகள் தேவைப்பட்டன, 28–3 என்று முன்னிலை வகித்த ஃபால்கன்ஸே இறுதியில் 28–34 என்று தோற்றது.

பந்தை எதிரணியிடம் பறிகொடுத்த எண்ணிக்கை, அதாவது டர்ன்ஓவர் கணக்கு, நடந்து முடிந்த ஆட்டத்தை நன்றாக விளக்கும். அடுத்த ஆட்டத்தைச் சொல்வதில் வெகுவாகத் தடுமாறும். தவறி விழுந்த நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதில் திறமையின் பங்கு குறைவு என்பதால், பருவம் முழுவதும் இப்படிக் கைதவறிய பந்துகளை (ஃபம்பிள்களை) கைப்பற்றிய அணி ஜனவரியிலும் அதையே செய்யும் என்று நம்புவது சூதாட்டத்துக்கு நெருக்கமானது. பறிகொடுத்த கணக்கு மட்டுமே போதும் என்பவர்கள் 2015 ஜனவரியில் நடந்த, லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதி ஆட்டத்தை நினைவில் கொள்ளலாம். சியாட்டில் சீஹாக்ஸ் ஐந்து முறை பந்தை இழந்தது, கிரீன் பே பாக்கர்ஸ் இரண்டு முறைதான். கூடுதல் நேரத்தில் 28–22 என்று வென்றது சீஹாக்ஸ். கோல் கோட்டின் விளிம்புவரை சென்ற பாக்கர்ஸ் இரண்டு முறை நான்காம் முயற்சியில் டச் டவுனுக்கு (பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்வதற்கு) முயலாமல் 18, 19 யார்டு ஃபீல்டு கோல்களோடு திருப்தியடைந்தது. ஏழு புள்ளிகள் வந்திருக்கக்கூடிய இடத்தில் மும்மூன்று புள்ளிகளே வந்தன.

சாக் எண்ணிக்கையையும் அப்படியே ஏற்கக் கூடாது. 2022 ஜனவரியில் டென்னசி டைட்டன்ஸ் சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜோ பர்ரோவை ஒன்பது முறை வீழ்த்தியும் 16–19 என்று தோற்றது. தன் பக்கத்தில் ரயன் டானஹில் வீசிய மூன்று பந்துகள் எதிரணியின் கைக்குப் போயிருந்தன. கணக்கிட வேண்டியது, கூடுதல் ஆட்களை முன்னே அனுப்பாமலே ஓர் அணி தரும் நெருக்கடியை. 2025இல் ஈகிள்ஸ் அப்படிக் கூடுதல் ஆட்களை அனுப்பும் பிளிட்ஸ் செய்யாமலே சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது; பின்களத்தில் ஆள் குறையாததால் பந்தைப் பெற யாரும் எளிதில் விடுபடவில்லை.

கடைசியாக, பருவச் சராசரியை யார் சேர்த்தது என்று பார்க்காமல் விடுவது. 2017 பருவத்தில் ஈகிள்ஸின் வீச்சு எண்களில் பெரும்பகுதி கார்சன் வென்ட்ஸ் சேர்த்தவை. அவர் டிசம்பரில் முழங்கால் காயத்தால் விலகினார். மாற்று ஆட்டக்காரராக வந்து 2018 சூப்பர் பௌலில் 373 யார்டுகள் வீசி ஆட்ட நாயகன் விருது பெற்ற நிக் ஃபோல்ஸைப் பற்றி அந்தச் சராசரி ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை.