பழைய பத்மினி காரில் பிரேக் காற்று எடுப்பது

பெடல் மெத்து மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று. இரண்டு மூன்று மிதியில் மேலே வருகிறதா? முதலில் ஷூவை, அதாவது சக்கர டிரம்முக்குள் அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டையை, அட்ஜஸ்ட் செய்யுங்கள். நாலு சக்கரமும் டிரம்தான். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷரைச் சந்தேகப்படுங்கள். அங்கே காற்று எடுத்துப் பிரயோஜனமில்லை.

சரி, காற்றுதான் என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில், அதாவது இடது பின்பக்கம் ஆரம்பியுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் காற்றை வெளியே விடும் சின்னத் திருகுதான் நிப்பிள்; அது துருப்பிடித்திருந்தால் முறுக்கி உடைக்காதீர்கள். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். நிப்பிளில் மாட்டிய ட்யூபின் மறுமுனை பாட்டிலில் பிரேக் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். உள்ளே ஆள் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளை அரைச்சுற்று திறவுங்கள். குபுகுபுவென்று குமிழி வரும். மூடிவிட்டு "விடு" என்று நீங்கள் சொல்லும்வரை அவர் காலை எடுக்கக் கூடாது. என் மச்சினனிடம் இதைக் கத்தியே தொண்டை போகும். அப்புறம், மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் ஆயில் தீரவிடாதீர்கள், திரும்பவும் காற்று புகும். ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.