கோரை அடங்காத வயல்: களைக்கொல்லியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடி அருகே புதிதாக நேரடி விதைப்பு செய்த தம்பி ஒருவர் தம் சம்பா வயலைப் பார்க்க அழைத்தார். நெல்லுக்கு மேலே வட்டக்கோரை என்ற களை தலைதூக்கி நின்றது. "மூன்று மருந்து அடித்துவிட்டேன், அண்ணே. எதற்கும் அடங்கவில்லை" என்றார். வரப்பில் கிடந்த காலிப் புட்டிகளையும் பையையும் திருப்பிப் படித்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. பாதி அளவு கலப்பது, மழை வரும் நேரத்தில் தெளிப்பது எல்லாம் அனைவருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை மாற்றிவிட்டு மருந்தை மாற்றியதாக நினைப்பது

அவர் அடித்தவை பைரசோசல்ஃபியூரான், பிஸ்பைரிபாக் சோடியம், பெனாக்சுலம். பெயரும் விலையும் வேறு, வேலை ஒன்றே. செடி வளரத் தேவையான அசிட்டோலாக்டேட் சின்தேஸ் என்ற ஒரே நொதியைத்தான் மூன்றும் முடக்குகின்றன. அந்த நொதி இயற்கையாகவே சற்று மாறியிருக்கும் செடிகள் லட்சத்தில் ஒன்றிரண்டு வயலில் இருக்கலாம். மருந்து அவற்றை உண்டாக்குவதில்லை. சுற்றியிருப்பதையெல்லாம் கொன்று அவற்றுக்கு இடம் விடுகிறது. ஒன்றைத் தாங்கும் செடி பெரும்பாலும் அதே வகையின் மற்றதையும் தாங்கிவிடும்.

1990களின் தொடக்கத்திலேயே பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் இது நடந்தது. ஐசோபுரோடூரான் என்ற களைக்கொல்லி ஒன்றையே ஆண்டுக்கணக்கில் நம்பியதில் குல்லி டண்டா என்ற புல் அதற்கு அடங்காமல் போனது. அது தெரிந்தும், கடையில் "இது புதியது, வீரியம் அதிகம்" என்று நீட்டுவதை நாம் இன்னும் வாங்கி வருகிறோம். எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. மூன்று வருடம் அப்படி வாங்கினேன். நான்காம் வருடம் ஏக்கருக்குப் பதினான்கு ஆள் விட்டுக் கைக்களை எடுத்தேன்.

அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். அது எந்த வகை என்று நீடாமங்கலம் அல்லது சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில் முதலில் பெண்டிமெத்தலின் என்றால் அது வேறு வகை. புல்லுக்கு சைஹாலோஃபாப் உண்டு. ஆனால் அது கோரையைத் தொடாது. கோரைக்கு 2,4-டி அடிக்கலாம். அண்டை வயலில் பருத்தியோ உளுந்தோ இருந்தால் 2,4-டி பக்கமே போகாதீர்கள்.

தண்ணீரில் மூழ்கிய களை மேல் பிஸ்பைரிபாக்

இலையில் படாத மருந்து வீண்.

பிழைத்ததை விட்டுவைப்பது

களை பட்டை பட்டையாகத் தப்பியிருந்தால் தெளிப்பில் விடுபட்டது. கருகிய கோரைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் இடைவெளியில், அதே கோரை பச்சையாக நின்றால் சந்தேகப்படுங்கள். அன்றே பிடுங்குங்கள். வட்டக்கோரை சுமார் ஒரு மாதத்திலேயே விதை உதிர்த்துவிடும்.

அறுவடை இயந்திரம்

வேறு வயலின் களை விதை அதில் ஒட்டி வரும். உங்கள் வயலில் இறங்குமுன் கூட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஆள் விட்டுப் பிடுங்குகிறார். அடுத்த ஆண்டு கோடை உழவுக்குப் பின் தண்ணீர் கட்டி, முளைத்த கோரையை மடக்கி உழுதுவிட்டு, மோசமான இரண்டு மாவில் (ஒரு மா என்பது சுமார் மூன்றில் ஒரு ஏக்கர்) மட்டும் நடவு போடுவது என்று பேசியிருக்கிறோம்.