சுபோத் குப்தாவின் இரண்டு சிற்பங்களை ஒப்பிட்டு எழுதுவது எப்படி? (டெல்லிக்காரர்களுக்கு)

ஒரே கலைஞரின் இரண்டு படைப்புகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லி அக்கா மகளுக்குக் கல்லூரியில் அசைன்மென்ட். அவளோடு உட்கார்ந்து முடித்ததில் பிடிபட்ட வழி இது. சிற்பி சுபோத் குப்தாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர் கையாளும் பொருள் எவர்சில்வர் பாத்திரம். அதைப் பற்றி நம் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முதல் படைப்பு 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' (2008). அணுகுண்டு வெடித்தால் எழும் காளான் புகை, முழுக்கப் பாத்திரங்களால். ஏறக்குறைய 10 மீட்டர் உயரம், 26 டன் எடை. 2009இல் லண்டன் டேட் பிரிட்டனில் வைத்தார்கள். பிறகு சாகேத் மாலில் உள்ள கிரண் நாடார் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இரண்டாவது 'தாதா' (இந்தியில் தாத்தா). ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் புல்வெளியில் நிற்கும் எவர்சில்வர் ஆலமரம், இலைகளுக்குப் பதில் பாத்திரங்கள். அவருடைய 2014 கண்காட்சியில் இடம்பெற்றது.

படி 1: நேரில் பாருங்கள். சாகேத்தில் காளானைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள மால்வியா நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் மாறினால் அடுத்த நிறுத்தம் கான் மார்க்கெட். அங்கிருந்து ஜெய்ப்பூர் ஹவுஸுக்கு ஆட்டோ. மரத்துக்கு உச்சி வெயில் வேண்டாம், கண் கூசும்.

படி 2: கோடு போடாத நோட்டு, பென்சில். போனில் குறிப்பெடுக்கும் ஆப் எதுவும் எனக்குப் பிடிக்காது. தலை குனிந்தே இருக்கும். போட்டோ எடுத்தால் பக்கத்தில் ஓர் ஆளை நிற்க வையுங்கள். இரண்டையும் கொலாஜ் ஆப்பில் சேர்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். பாதி விஷயம் அங்கேயே போய்விடும்.

படி 3: பாத்திரம் இல்லாமல் நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். "இரண்டிலும் பாத்திரம் இருக்கிறது, அன்றாட வாழ்க்கையைக் காட்டுகிறார்" என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். அப்போது மனதுக்குள் பாத்திரங்களை மட்டும் கழற்றிவிடுங்கள். மரத்தில் அடிமரமும் கிளைகளும் பளபளவென்று அப்படியே நிற்கும். போவது இலைகள் மட்டும். காளானில் அப்படி இல்லை. உள்ளே தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அங்கே பாத்திரம்தான் புகை. தட்டும் குண்டானும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, எது எதன் மேல் இருக்கிறது என்றே தெரியாமல் கிடக்கும். மரத்திலோ ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கும், எண்ணிவிடலாம் போல.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்றதெல்லாம் தானாக வரும். ஒன்றில் கூட்டம், இன்னொன்றில் குடும்பம். ஒன்று கூரைக்குக் கீழே அடைபட்டு நிற்கிறது. மற்றது வானத்தையும் பார்க்க வந்தவர்களையும் தன் மேலே பிரதிபலிக்கிறது.

படி 4: தலைப்பைக் கடைசியில் படியுங்கள். 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' என்பது காஷ்மீரில் இரு நாடுகளையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடு. முதலிலேயே பலகையைப் படித்தால் இந்தியா, பாகிஸ்தான், 1998 அணுகுண்டு சோதனை என்று கட்டுரை செய்தித்தாளாகிவிடும். பார்த்ததை எழுதிய பிறகு சேர்த்தால், சமையல்கட்டுச் சாமான் ஏன் குண்டு வடிவத்தில் நிற்கிறது என்ற கேள்விக்கு அதே தகவல் வலு சேர்க்கும்.

படி 5: ஒரு பக்கம் சாயுங்கள். "இரண்டும் சிறப்பு" என்று முடிக்காதீர்கள். என் கட்சி காளான். மரத்தில் பாத்திரம் அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது. அக்கா மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை; மரத்தின் பக்கம் நின்றே எழுதிக் கொடுத்தாள்.

பிற்சேர்க்கை: ஆர்.கே.புரத்திலிருந்து ஒருவர் திங்கட்கிழமை போய்த் திரும்பி வந்தாராம். இரண்டு இடங்களுக்கும் திங்கள் விடுமுறை. சிற்பம் இப்போது காட்சியில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இணையப் படங்களை வைத்து எழுதலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். காளானுக்கு ஓரளவு சரி, மரத்துக்கு வேண்டாம். வெளிச்சம் மாற மாற அதன் நிறமும் மாறும். படத்தில் இருப்பது எடுத்தவர் பார்த்த மரம்.