தீ தொட்ட ஆற்றங்கரைக் காடு: எதைப் பார்ப்பது, எதைச் செய்வது

கேரளத்தின் மறையூரைத் தாண்டிச் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் நோக்கி இறங்கினால் மழை மறைவு நிலம். முட்புதரும் காய்ந்த புல்லும்தான். பாம்பாற்றின் கரையிலும் சின்னாற்றின் கரையிலும் மட்டும் நீர்மருதும் புங்கனும் நாவலும் பச்சைக் கோடாக நிற்கும். சாம்பல் நிற அணில் கூடு கட்டுவது அந்தக் கோட்டில்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்லில் ஓடும் தீ பெரும்பாலும் கரை நிழலின் ஈரத்தில் அடங்கிவிடும். கடும் வறட்சியிலும், ஓரத்தில் உண்ணிச்செடி மண்டிய இடத்திலும் உள்ளே புகுந்துவிடும். தாமதமாக வரும் தீதான் மோசம். ஆஸ்திரேலியாவின் காக்கடு பகுதியில் கப்பல்கா என்ற இடத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த எரிப்புச் சோதனைகளிலும், வறண்ட பருவத்தின் கடைசியில் வைத்த தீயே ஓடைக்கரை மரங்களை அதிகம் கெடுத்தது.

சரணாலயத்துக்குள் எதைச் செய்வதானாலும் வனத்துறை அனுமதியும் காவலர் துணையும் வேண்டும். தீ அணைந்த முதல் மூன்று நாள் உள்ளே போகாதீர்கள். பொந்து மரத்திலும் வேரடியிலும் தணல் உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். காற்றே இல்லாமல் மரம் சாயும்.

பிறகு அளவெடுங்கள். நீர் விளிம்பிலிருந்து ஆற்றுக்குக் குறுக்காகக் கரையின் உட்புறம் நோக்கி 30 மீட்டர் கயிறு; அதையொட்டி 5 மீட்டர் அகலப் பட்டை; ஆற்றோரமாக 100 மீட்டருக்கு ஒரு பட்டை, இரு கரையிலும். மரத்தின் பெயர், நெஞ்சுயரச் சுற்றளவு, கரி ஏறிய உயரம், அடிமரத்தைச் சுற்றி எத்தனை பங்கு கருகியது என்று குறியுங்கள்.

இலை கருகியதைப் பார்த்து மரம் செத்தது என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உயிர் அடிப்பட்டைக்குள் இருக்கிறது. தரையையொட்டி நான்கு பக்கமும் கத்தி நுனியால் 2 செ.மீ. அளவு பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வெளிறியோ இளம்பச்சையாகவோ இருந்தால் உயிர் உண்டு. பழுப்பேறி உலர்ந்திருந்தால் அந்தப் பக்கம் போய்விட்டது. மூன்று பக்கம் போனாலும் வெட்டாதீர்கள். வேரிலிருந்து துளிர்க்க இரண்டு மழைக்காலம் விடுங்கள். துளிர்க்காவிட்டாலும், வேர் மக்கும்வரை கரை மண்ணை அதுதான் பிடித்து நிற்கும். விழுந்த கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தினால் முதல் மழையில் சாம்பலும் மண்ணும் ஆற்றில் இறங்குவது குறையும்.

உண்மையான ஆபத்து அடுத்த ஆண்டு. கிளைகள் கருகித் திறந்த இடத்தில் வெயில் விழும்; வெயிலில் புல் ஏறும்; புல் ஏறிய கரைக்குத் தீ இனி எளிதாக வரும். இரண்டாவது தீ முதல் தீயில் பிழைத்த துளிர்களைத் தின்றுவிடும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இங்கே போகட்டும். புல்லை விதை முற்றுமுன் பிடுங்குங்கள். உண்ணிச்செடியை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி கிளைக்கும். மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்.

துளிரே வராத இடைவெளியில் மட்டும் நடுங்கள், அதுவும் அதே கரையில் பொறுக்கிய விதையில். நாவல் விதை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழக்கும், உடனே விதையுங்கள். நீர்மருது விதையை 48 மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். சின்னாற்றுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். கேரளத்தின் மற்ற இடங்களைப் பார்த்து ஜூனில் நட்டால் கன்று காய்ந்துபோகும். அக்டோபரில் நடுங்கள்.

தீத்தடுப்புக் கோட்டை, அதாவது தீ தாண்டாதபடி செதுக்கிய வெற்றுப் பட்டையை, கரை மரங்களுக்குள் வெட்டக் கூடாது, அதுவே வெயிலுக்கு வாசல் திறக்கும். வெளியே புல்வெளிப் பக்கம், 5 மீட்டர் அகலத்துக்குக் குறையாமல், ஜனவரிக்குள் செதுக்கி முடியுங்கள்.