பூச்சிமருந்து அடிப்பவர்களுக்குக் கோலினெஸ்டரேஸ் சோதனை: எடுக்கும் முறையும் கெடும் இடங்களும்

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் உடலில் ஏறினால் சிவப்பணுவில் உள்ள அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி முடங்கும். எவ்வளவு முடங்கியது என்பதை 1961இல் எல்மன் வெளியிட்ட முறையில் அளக்கலாம்.

முதல் வேலை, சீசனுக்கு முன்பே அடிப்படை அளவு எடுப்பது. 30 நாள் மருந்து படாமல் இருந்தவரிடம், குறைந்தது 3 நாள் இடைவெளியில் இருமுறை ரத்தம் எடுத்துச் சராசரியைக் குறித்து வையுங்கள். இயல்பு அளவு ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறும். ஆய்வகம் 'நார்மல்' என்று அச்சிடும் எண்ணே ஒருவருக்குப் பெரிய சரிவாக இருக்கலாம்.

ஊசி குத்தும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; தோலில் ஒட்டிய மருந்து மாதிரியைக் கெடுக்கும். ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய் சரி. சாம்பல் மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள புளோரைடு நொதியை முடக்கும்.

எடுத்தவுடன் 200 மைக்ரோலிட்டர் ரத்தத்தை ஐஸில் குளிர்ந்த 20 மி.லி. பாஸ்பேட் பஃபரில், அதாவது பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலில் (0.1 மோலார்; செல்களை உடைக்க 0.03% ட்ரைட்டான் எக்ஸ்-100) கலந்துவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலான மாதிரிகள் வீணாகின்றன. வெதுவெதுப்பான குழாயில் எஞ்சிய மருந்து நொதியை மேலும் முடக்கும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற டைமெதில் வகை மருந்தானால் நேர்மாறு: முடங்கிய நொதியில் பாதி, 37 டிகிரியில் சுமார் 40 நிமிடத்தில் தானாக மீண்டுவிடும். கார்பமேட் என்ற இன்னொரு பூச்சிமருந்து வகையில் இன்னும் விரைவு.

குவெட்டில் (ஒளிமானியில் வைக்கும் சிறு குப்பி) பிஹெச் 7.4 பஃபர் 2 மி.லி., நீர்த்த ரத்தம் 1 மி.லி., தயாலோடு சேர்ந்தால் மஞ்சளாகும் டிடிஎன்பி (10 மில்லிமோலார்) 100 மைக்ரோலிட்டர், பிளாஸ்மாவில் உள்ள வேறு கோலினெஸ்டரேஸை அடக்க 6 மில்லிமோலார் எத்தோப்ரோபசின் 10 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 10 நிமிடம் பொறுங்கள். ரத்தத்தின் சொந்தத் தயால்கள் (கந்தகச் சேர்மங்கள்) டிடிஎன்பியோடு வினைபுரிந்து முடியட்டும். அவசரப்பட்டால் எண் பொய்யாக ஏறும். பிறகு, நொதி உடைத்துத் தயாலாக்கும் அசெட்டைல்தயோகோலின் (28.4 மில்லிமோலார்) 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, மஞ்சள் நிறம் ஏறும் வேகத்தை 436 நானோமீட்டர் ஒளியில் 3 நிமிடம் வாசியுங்கள். வழக்கமான 412இல் ஹீமோகுளோபின் தடித்து நின்று மஞ்சள் நிற ஏற்றத்தை மறைத்துவிடும். ரத்தமில்லாத வெற்று மாதிரியின் வேகத்தைக் கழியுங்கள்.

விடையை அதே நீர்த்த மாதிரியில் அளந்த ஹீமோகுளோபினால் வகுங்கள். ரத்தசோகை உள்ளவருக்கு இது இல்லாமல் முடிவு தவறிவிடும்.

கலிபோர்னியா விதிப்படி, அடிப்படை அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணுவில் 70, பிளாஸ்மாவில் 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழே போனால் மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். பிளாஸ்மா மட்டும் குறைந்தால் கல்லீரல் நோயையும் கர்ப்பத்தையும் பாருங்கள். கண்மணி சுருங்கி, வியர்த்து, மூச்சில் சளி கட்டியவருக்கு இந்த எண் வரும்வரை மாற்று மருந்தான அட்ரோபினை நிறுத்தி வைக்கக் கூடாது.