டோகாஃப் இரண்டாம் தாள்: புத்தகத்தை நம்பி உட்காராதீர்கள்

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் (ஒரு நிறுவனத்தின் தொழிலும் தொழில்நுட்பமும் ஒத்துப்போகும்படி வடிவமைப்பவர்) வேலைக்காக டோகாஃப் (TOGAF, அந்த வடிவமைப்புக்கான வழிமுறைத் தொகுப்பு) சான்றிதழுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். முதல் தாள் 40 கேள்வி, 60 நிமிடம். வரையறைகளும் ஏடிஎம் (ADM, டோகாஃபில் வடிவமைப்பைப் படிப்படியாக உருவாக்கும் முறை) கட்டங்களின் வரிசையும் மனதில் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம்.

இரண்டாம் தாள்தான் ஆளைக் கவிழ்க்கும். கேள்விகள் எட்டே எட்டு, நேரம் 90 நிமிடம். புத்தகம் பார்க்கலாம் என்றதும் பலர் அசட்டையாகிவிடுகிறார்கள். ஒரு கேள்விக்குச் சுமார் 11 நிமிடம்; கேள்வியில் தரும் நீளமான சூழல் விவரிப்பைப் படிக்கவே அதில் பாதி போய்விடும். அப்புறம் எங்கே தேடுவது?

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். மதிப்பெண் 5, 3, 1, 0. பூஜ்ய விடையை முதலில் தூக்கிவிடுங்கள். சூழலைப் படிக்கும் முன் கேள்வியின் கடைசிப் பத்தியைப் படித்து, எந்தக் கட்டம் என்று பிடியுங்கள். கட்டம் ஏ, அதாவது தொலைநோக்கு வரையும் நிலை என்றால், பிந்தைய கட்டத்துக்குரிய மைக்ரேஷன் திட்டத்தை (பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறும் திட்டம்) விவரமாகப் பேசும் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் பொறிதான். மீதமுள்ளவற்றில் சந்தேகம் வந்தால் மட்டும் புத்தகத்தைத் திறங்கள்.

இந்தத் தாளில் தேர்ச்சிக்கு 40 மதிப்பெண்ணுக்கு 24 போதும். எட்டிலும் 3 வாங்கினாலே கணக்கு சரியாகிவிடும்!