ராமநாதபுரம் கடற்கரையில் ஏழு நாள்: முதலில் கடிகாரம், அப்புறம்தான் வரைபடம்

இந்தக் கடற்கரைக்குக் காரில் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை பாதி இடங்களின் வாசலைத்தான் பார்த்தோம். இரண்டாவது முறை அப்பா, அத்தை, இரண்டு பிள்ளைகளோடு ஏழு நாள் நிம்மதியாகச் சுற்றினோம். கார் அதே கார்தான், ரோடும் அதே ரோடுதான். திட்டம் போட்ட விதம் மட்டும்தான் வேறு.

முதல் வேலை, தினசரி காலண்டரை எடுத்து அமாவாசை எப்போது என்று பாருங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் ஊரே நிரம்பி வழியும். அறையும் கிடைக்காது, காரும் நகராது. மற்ற அமாவாசைகளிலும் கூட்டம் உண்டு. மீன் சாப்பாட்டுக்காகவும் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிருங்கள். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். எனக்குப் பிடித்த மாதம் மாசி. வெயில் இன்னும் ஏறியிருக்காது, வாடையும் அடங்கியிருக்கும், பதநீரும் இறங்க ஆரம்பித்திருக்கும்.

இரண்டாவது வேலையில்தான் நான் முதல் முறை சறுக்கினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்று நான் தூரத்தை மட்டும் கூட்டிக் கணக்குப் போட்டேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர், அங்கிருந்து தனுஷ்கோடி 20 சொச்சம். "காலையில் கிளம்பினால் கோவில், சாப்பாடு, சாயங்காலம் தனுஷ்கோடி" என்று எழுதிவைத்தேன். வழியில் பாம்பனில் நின்றதில் நேரம் ஓடிவிட்டது. கோவில் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நடை சாத்தியாகிவிட்டது, இனி மூன்று மணிக்குத்தான். வெயிலில் காத்திருந்து, தீர்த்தமாடி, தரிசனம் முடித்துத் தனுஷ்கோடிச் சாலைக்கு வந்தால் அங்கே தடுப்பு போட்டுவிட்டார்கள். "இனிமே உள்ள விடமாட்டோம் சார், காலைல வாங்க" என்றார் அங்கே நின்றவர். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாலை நேராகக் கடலுக்குள் போவது தெரிந்தது. அத்தை காரிலிருந்து இறங்கி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஊர் திரும்பியாக வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அதனால் இடங்களின் பெயரை எழுதும் முன் அவை சாத்தும் நேரத்தை எழுதுங்கள். கோவில்கள் பகலில் சாத்தும். தனுஷ்கோடிக்குள் மாலை ஐந்து மணி வாக்கில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள் போகும் வனத்துறைப் படகுக்குக் காலையே நல்லது. இந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே எந்த இடம் எந்த நாளில் உட்காரும் என்பது தானாகத் தெரியும். கைபேசியில் பயணத் திட்டம் போட்டுத் தரும் செயலிகள் நிறைய இருக்கின்றன. நான் தாளும் பேனாவும்தான் வைத்துக்கொள்வேன். பின் சீட்டில் இருப்பவரும் கையில் வாங்கிப் பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் இந்தப் பகுதியை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

எங்கள் ஏழு நாள் இப்படி அமைந்தது. மதுரையிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, சிவகங்கை, திருவாடானை வழியாகத் தொண்டி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் காரங்காடு, தேவிபட்டினம். தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களாக வணங்கப்படும், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை அப்பா நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். இரவு ராமநாதபுரம். இரண்டாம் நாள் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசம். சுவர் ஓவியங்களுக்காகவே போக வேண்டும். மாலை உத்தரகோசமங்கை. அங்குள்ள மரகத நடராஜரை ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில்தான் பார்க்கலாம். மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் காப்பைக் களைவார்கள்.

மூன்றாம் நாள் மண்டபம், பாம்பன். 1988-இல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் மேல் காரை நிறுத்தாதீர்கள். எல்லாரும் நிறுத்துகிறார்கள் என்பது உண்மைதான், பின்னால் வரும் பேருந்துக்கு இடமில்லை என்பதும் உண்மை. பாலம் தாண்டி ஓரமாக விட்டுவிட்டு நடைபாதையில் திரும்பி நடந்து வாருங்கள். 2025-இல் திறந்த புதிய ரயில் பாலமும் அதன் தூக்கும் பகுதியும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அன்று மாலையே ராமேஸ்வரத்தில் அறைக்குப் போய்விட்டோம். போகும் வழியிலேயே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம்.

நான்காம் நாள் முழுவதும் கோவிலுக்கு. விடியலில் ஸ்படிகலிங்க தரிசனம், அப்புறம் அக்னி தீர்த்தம், பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள். கிணற்று மேட்டில் நிற்பவர் கயிறு கட்டிய சின்ன வாளியை விட்டு ஒரே இழுப்பில் தூக்கித் தலையில் ஊற்றுவார்; அடுத்த ஆளுக்கு அதற்குள் வாளி மறுபடி இறங்கியிருக்கும். பிள்ளைகள் ஒவ்வொரு கிணற்றின் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்து, எது உப்பு, எது இனிப்பு என்று சண்டை போட்டார்கள். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மாற்றுத் துணியை மறக்காதீர்கள். கைபேசியை அறையிலேயே வைத்துவிடுவது நல்லது. கல் தரையெல்லாம் ஈரம் என்பதால் வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அதை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட மணலில் இறக்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பொலபொலவென்று இருக்கும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், மறு பக்கம் அமைதியான பெண் கடல். அத்தை இரண்டிலும் கால் நனைத்துவிட்டு, "போதும்டா, வந்த காரியம் முடிஞ்சது" என்றார். திரும்பும்போது உப்பங்கழியில் பூநாரைகள் நின்றன.

ஆறாம் நாள் திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி தர்கா. திருப்புல்லாணிக்கும் நடை சாத்தும் நேரம் உண்டு, காலையிலேயே முடித்துவிடுங்கள். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்காமல் வராதீர்கள். ஏழாம் நாள் சாயல்குடி வழியாகப் பனங்காட்டுக்கு நடுவே தூத்துக்குடி. அங்கிருந்து நான்குவழிச் சாலையில் மதுரை. ராமநாதபுரம், ராமேஸ்வரம் இடையே தவிர, போன ரோட்டிலேயே திரும்பவில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒரு நண்பர், திரும்பிய ஒரு மாதத்தில் கார் அடியில் துரு பிடித்ததாக எழுதியிருந்தார். எழுத விட்டுப்போனது என் தவறு. தீவைவிட்டு வெளியே வந்ததும் வாட்டர் வாஷில் விட்டு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று சும்மா விடாது.

இன்னொருவர், ஐந்து நாள்தான் லீவு, எதை விடலாம் என்று கேட்டார். முதல் இரண்டு நாளை விடுங்கள். மதுரையிலிருந்து நேராகப் பாம்பன் போய், மூன்றாம் நாளிலிருந்து இதே வரிசையில் வாருங்கள். கோவிலையும் தனுஷ்கோடியையும் மட்டும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.